எண்ணெய்க் கிணற்றுச் சிமெண்டில் நானோ சிலிக்கா: ஆய்வகத்திலிருந்து ரிக் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

12¼ அங்குலத் துளையில் 9⅝ அங்குலக் கேசிங்கை (கிணற்றுக்குள் இறக்கும் எஃகுக் குழாயை) மிகச் சரியாக நடுவில் நிறுத்தினாலும், குழாய்க்கும் பாறைக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 33 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அந்த இடுக்கு முழுக்கச் சிமெண்ட் நிரம்பி இறுக வேண்டும். கிணற்றைக் கைவிட்ட பிறகும் அது வாயுவை மேலே விடாமல் தாங்க வேண்டும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணறு வெடித்து 11 பேர் உயிரிழந்தார்கள். கிணற்றின் அடியில் போட்ட சிமெண்ட் எண்ணெயையும் வாயுவையும் அடைத்து நிறுத்தவில்லை என்பதில் விசாரணை அறிக்கைகள் ஒத்துப்போயின. சிமெண்ட் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்கள் அளக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் பின்னால் இந்தப் பொறுப்பு இருக்கிறது.

நானோ துகள்களைப் பற்றி நிறைய வாக்குறுதிகள் உலவுகின்றன. பலம் கூடும், நுண்துளை குறையும், வாயு ஏறாது என்கிறார்கள். இவற்றில் பல உண்மைதான். ஆனால் துகள்கள் தனித்தனியாகப் பிரியும்படி சரியாகக் கலைத்து, சரியாக நீர்க் கணக்குப் போட்டால் மட்டுமே உண்மை. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை துகளின் குறையால் வந்தவை அல்ல, இந்த இரண்டில் ஒன்று தவறியதால் வந்தவை. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம். எடுத்துக்காட்டாக, எண்ணெய்க் கிணறுகளில் வழக்கமாகப் பயன்படும் வகுப்பு ஜி சிமெண்டையும் நானோ சிலிக்காவையும் வைத்துக்கொள்கிறேன். மற்ற நானோ பொருள்களைப் பிறகு தொடுவோம்.

முதலில் ஒரு கணக்கு

நானோ துகள் செய்யும் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: பரப்பளவு. ஒரு கிராம் வகுப்பு ஜி சிமெண்டின் பரப்பு ஏறத்தாழ 0.3 சதுர மீட்டர். 20 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகளுக்கு அடர்த்தி 2.2 என்று வைத்து, ஆறை அடர்த்தியாலும் விட்டத்தாலும் வகுத்தால் கிராமுக்கு சுமார் 136 சதுர மீட்டர் வரும். அப்படியென்றால் 100 கிராம் சிமெண்டில் மொத்தப் பரப்பு 30 சதுர மீட்டர். அதில் ஒரே ஒரு கிராம் நானோ சிலிக்கா போட்டால் கூடுதலாக 136 சதுர மீட்டர். எடையில் ஒரு சதவீதம்; பரப்பில் நான்கு மடங்குக்கும் மேல்.

அந்தப் பரப்பின் மேல்தான் சிமெண்டை இறுக்கும் பசையான கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் முளைவிடும் இடங்கள் அமைகின்றன. அதனால் இறுகல் முன்னதாகத் தொடங்குகிறது. சிலிக்காவே கால்சியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து இன்னும் கொஞ்சம் அதே பசையை உண்டாக்குகிறது. துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களும் நிரம்புகின்றன. ஆனால் அதே பரப்பு நீரையும் பிடித்துக்கொள்ளும். டிஸ்பர்சன்டையும் (துகள்களைப் பிரித்து ஓடவைக்கும் பொருள்) ஃப்ளூயிட் லாஸ் பாலிமரையும் (நீர் பாறைக்குள் கசிவதைக் குறைப்பது) ரிடார்டரையும் (இறுகலைத் தாமதப்படுத்துவது) தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

படி 1: எந்தக் குறையைத் தீர்க்கப் போகிறோம் என்று எழுதி வையுங்கள்

"பலம் கூட வேண்டும்" என்பது போதாது. கிணற்றில் எந்த இடம், எந்த வெப்பநிலை, எந்த ஆபத்து என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

நானோ சிலிக்கா நன்றாகப் பொருந்தும் இடம் ஒன்றைச் சொல்கிறேன்: கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் கிணறுகளில் மேல்பகுதிக் கேசிங்குகள். அங்கே கடல்தரையில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இருக்கும். அந்தக் குளிரில் வகுப்பு ஜி சிமெண்ட் மணிக்கணக்கில் தூங்கும். மேல்மண் பலவீனமானது என்பதால் கனமான ஸ்லரி (சிமெண்டும் நீரும் கலந்த குழம்பு) ஏற்றவும் முடியாது. எடை குறைக்க நீரைக் கூட்டினால் நீர் பிரியும், பலம் விழும். இந்த மூன்று குறைகளையும் ஒரே நேரத்தில் ஓரளவு சரிசெய்யும் பொருள் கூழ்ம நானோ சிலிக்கா, அதாவது நீரில் மிதக்கும் நிலையிலுள்ள நானோ சிலிக்கா.

ஆனால் அதே படுகையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2006இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பலில் நடந்த இந்திய வாயு ஹைட்ரேட் ஆய்வுப் பயணத்தில், ஓர் இடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு மீத்தேன் ஹைட்ரேட் (மீத்தேன் வாயுவை உள்ளே அடைத்த, பனிக்கட்டி போன்ற பொருள்) கிடைத்தது. சிமெண்ட் இறுகும்போது வெளிவிடும் சூடு ஹைட்ரேட்டை உருக்கினால் வாயு கிளம்பும். நானோ சிலிக்கா வினையை வேகப்படுத்துவதால், குறுகிய நேரத்தில் அதிகச் சூடு வரும். எனவே இத்தகைய கிணற்றுக்கு ஸ்லரி வடிவமைக்கிறவர் பலத்தை மட்டும் அளந்துவிட்டு நிற்கக் கூடாது. கலோரிமீட்டரில் வெப்ப வெளியீட்டையும் அளக்க வேண்டும்.

நானோ சிலிக்கா பொருந்தாத இடம் 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் கிணறு. அங்கே சாதாரணச் சிமெண்ட் நாளாக நாளாகப் பலம் இழக்கும். அதைத் தடுக்கச் சிமெண்ட் எடையில் 35 முதல் 40 சதவீதம் சிலிக்கா மாவு சேர்ப்பது வழக்கம். "சிலிக்கா மாவும் சிலிக்கா, நானோவும் சிலிக்கா, மாற்றிப் போடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. பரப்புக் கணக்கைப் பாருங்கள்: 100 கிராம் சிமெண்டுக்கு 35 கிராம் நானோ சிலிக்கா என்றால் 4,760 சதுர மீட்டர். அது ஸ்லரியாக ஓடாது, களிமண்ணாகத்தான் நிற்கும். ஒரு சதவீத நானோவை மாவுக்குத் துணையாகச் சேர்க்கலாம், மாவுக்குப் பதிலாக வைக்க முடியாது.

படி 2: பொடியா, திரவமா?

திரவம். தயங்காமல் சொல்கிறேன்.

பையில் வரும் ஃப்யூம்டு சிலிக்காவில் "12 நானோமீட்டர்" என்று அச்சிட்டிருந்தால் அது முதன்மைத் துகளின் அளவு. உற்பத்தியின்போதே அந்தத் துகள்கள் உருகி ஒன்றோடொன்று சங்கிலியாக ஒட்டிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான நானோமீட்டர் நீளமுள்ள அந்தத் தொகுப்புகளை எந்தக் கலக்கியும் முழுதாகப் பிரிக்காது. கூழ்ம சிலிக்கா அப்படி அல்ல. துகள்கள் பிறந்ததிலிருந்தே நீரில் தனித்தனியாக, ஒரே மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளியபடி இருக்கின்றன. 30 முதல் 50 சதவீதத் திண்மத்துடன் டிரம்மில் வரும்.

ஆரம்ப காலத்தில் நான் உலர்ந்த நானோ பொடியைச் சிமெண்டுடன் கையால் கலந்து ஸ்லரி போட்டேன். கட்டிகள் கரையவே இல்லை. இறுகிய கனசதுரத்தை உடைத்துப் பார்த்தபோது முறிந்த முகத்தில் வெள்ளைப் புள்ளிகள். பலம் வெறும் சிமெண்டைவிடக் குறைவு. ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் ஒரு பலவீனமான பொத்தல். அன்று முதல் உடைந்த துண்டுகளை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் நான் தூக்கிப் போடுவதில்லை. நீங்களும் பாருங்கள்.

டிரம் வந்ததும் செய்ய வேண்டியவை சில. தொகுதி எண், திண்ம சதவீதம், காரகாடித்தன்மை (pH) ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து, இருபது நானோமீட்டர் கூழ்மம் லேசான நீலம் கலந்த மங்கல் கண்ணாடி போல இருக்கும். ஜெல் கட்டியிருந்தால் அந்த டிரம் வேண்டாம். உறைநிலைக்குக் கீழே போன கூழ்ம சிலிக்கா உருகிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஆகவே குளிர்நாட்டுத் தளங்களில் சேமிப்பிடம் முக்கியம்.

பொடிதான் கிடைக்கிறது, வேறு வழியில்லை என்றால், கலக்கும் நீரின் ஒரு பகுதியில் டிஸ்பர்சன்டுடன் சேர்த்து அல்ட்ராசோனிக் புரோப் வைத்துக் கலையுங்கள். பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வையுங்கள், ஏனென்றால் புரோப் நீரைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கும். கலைத்த உடனே பயன்படுத்துங்கள். இந்த முறை ஆய்வகத்துக்குச் சரி. ரிக்கில் (கிணறு துளையிடும் தளத்தில்) டன் கணக்கில் நடக்காது.

படி 3: நானோ இல்லாத அடிப்படை ஸ்லரியை முதலில் போடுங்கள்

பலரும் தாவிச் செல்லும் படி இது. அடிப்படை இல்லாமல் ஒப்பிட ஒன்றுமே இல்லை. ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) முறைப்படி வகுப்பு ஜிக்கு 792 கிராம் சிமெண்ட், 349 கிராம் நீர். அதாவது 44 சதவீத நீர், சுமார் 600 மில்லி ஸ்லரி, அடர்த்தி ஏறத்தாழ 1.90. கலக்கியை நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடவிட்டுச் சிமெண்டை 15 விநாடிக்குள் போட்டு முடித்து, பிறகு 12,000 சுற்றில் 35 விநாடி. அதே சிமெண்ட் தொகுதி, அதே நீர், முடிந்தால் ரிக்கில் உண்மையில் வரப்போகும் நீர்.

இன்னொரு ஒப்பீடும் சேர்த்துப் போடுங்கள்: அதே எடையில் மைக்ரோ சிலிக்கா. அது கிராமுக்கு 20 சதுர மீட்டர் அளவிலான பரப்பு உள்ளது, பல காலமாகப் பழக்கத்தில் இருப்பது, விலை குறைந்தது. நானோ அதைத் தெளிவாக மிஞ்சவில்லை என்றால், நானோவுக்குப் பணம் செலவழிப்பதில் நியாயம் இல்லை.

படி 4: நீர்க் கணக்கு

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு சதவீத நானோ சிலிக்கா வேண்டும். 792 கிராமில் ஒரு சதவீதம் 7.92 கிராம் திண்மம். டிரம்மில் 40 சதவீதத் திண்மம் என்றால் 19.8 கிராம் திரவம் எடுக்க வேண்டும். அதற்குள் 11.9 கிராம் நீர் ஒளிந்திருக்கிறது. எனவே கலக்கியில் ஊற்ற வேண்டிய நீர் 349 அல்ல, 337.1 கிராம்.

இதைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும்? நீர் 44 சதவீதத்திலிருந்து 45.6 சதவீதத்துக்கு ஏறும். அடர்த்தி 1.90இலிருந்து 1.885 ஆகும், அதாவது கேலனுக்கு 15.86 பவுண்டிலிருந்து 15.73க்கு இறங்கும். பலம் எதிர்பார்த்த அளவு கூடாது. "நானோ வேலை செய்யவில்லை" என்ற தவறான முடிவு அறிக்கையில் ஏறிவிடும். இரண்டு சதவீதத்தில் இந்தப் பிழை இரட்டிப்பாகும்.

கன அளவும் சுமார் 604 மில்லியாகக் கூடியிருக்கும், ஆகவே எல்லா எடைகளையும் அதே விகிதத்தில் குறைத்து 600க்குக் கொண்டுவாருங்கள். அடர்த்தியை அழுத்தமேற்றிய தராசில் அளப்பது நல்லது. நானோ ஸ்லரி கெட்டியானது, காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரண மட் பேலன்ஸ் அந்தக் காற்றையும் சேர்த்து அளந்துவிடும்.

படி 5: சேர்க்கும் வரிசையும் பாட்டில் சோதனையும்

நீர், நுரைநீக்கி, டிஸ்பர்சன்ட், பிறகு கூழ்ம சிலிக்கா, அப்புறம் ஃப்ளூயிட் லாஸ் பொருள், ரிடார்டர். இது நான் தொடங்கும் வரிசை. உங்கள் வேதிப்பொருள்களுக்கு ஏற்ப மாற வேண்டியிருக்கலாம். மாற்றக் கூடாத விதி ஒன்று உண்டு: கால்சியம் குளோரைடையும் கூழ்ம சிலிக்காவையும் ஒரே நீரில் நேருக்கு நேர் சந்திக்க விடாதீர்கள். உப்பு அயனிகள் துகள்களின் மின்னேற்றத்தை மறைத்துவிடும், துகள்கள் கைகோத்து ஜெல் ஆகும். கடல்நீரில் கலக்கும் ரிக்குகளுக்கும் இதே எச்சரிக்கை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சிமெண்ட் தவிர எல்லாவற்றையும் கலந்த நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ரிக் தொட்டியில் எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரமும், அதற்கு மேல் ஒரு பாதியும் வையுங்கள். திரிந்தாலோ அடியில் படிந்தாலோ அந்தக் கலவை வேண்டாம். இன்னொரு பாட்டிலில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் சில துளி கூழ்மம் விட்டுப் பாருங்கள். சிமெண்ட் நீரில் கால்சியம் நிறைந்திருப்பதால் கொஞ்சமாவது திரளத்தான் செய்யும். எந்த டிஸ்பர்சன்ட் அந்தத் திரளலைத் தள்ளிப்போடுகிறது என்று ஒப்பிடத்தான் இந்தச் சோதனை.

படி 6: அளவு ஏணி

0, 0.5, 1, 1.5, 2 சதவீதம். மற்ற எதையும் மாற்றாமல் ஒரு சுற்று. பிறகு ஸ்லரி ஓடும்படி டிஸ்பர்சன்டைச் சரிசெய்து இரண்டாவது சுற்று. முதல் சுற்று துகள் என்ன செய்கிறது என்று சொல்லும், இரண்டாவது சுற்று நீங்கள் உண்மையில் பம்ப் செய்யப்போகும் ஸ்லரியைக் காட்டும். பலம் ஓர் அளவுவரை ஏறிப் பிறகு நிற்கும் அல்லது இறங்கும். இறங்கத் தொடங்கும் இடத்தில்தான் துகள்கள் கலையாமல் கட்டியாகின்றன. அந்த வளைவின் உச்சிக்குச் சற்று முன்னால் நில்லுங்கள்.

படி 7: சோதனைகள்

ஓட்டம்: விஸ்கோமீட்டரில் 300 முதல் 3 சுற்று வரை ஏறியும் இறங்கியும் அளவெடுங்கள். நானோ முதலில் உயர்த்துவது யீல்டு பாயின்டைத்தான் (ஸ்லரி ஓடத் தொடங்கத் தேவையான தகைவு). இடுங்கிய ஆனுலஸில் (குழாய்க்கும் பாறைக்கும் இடையிலுள்ள இடுக்கில்) அது பம்ப் அழுத்தமாக மாறி, பலவீனமான பாறையை உடைக்கும்.

திக்கனிங் டைம் (ஸ்லரி பம்ப் செய்ய முடியாத அளவுக்குக் கெட்டியாகும் நேரம்): கிணற்றின் வெப்ப, அழுத்த அட்டவணைப்படி கன்சிஸ்டோமீட்டரில் ஓட்டுங்கள். 70 பிசி (கெட்டித்தன்மையின் அலகு) தொட்ட நேரத்தை மட்டும் எழுதாமல், 30இலிருந்து 70க்கு எவ்வளவு நேரத்தில் ஏறியது என்றும் எழுதுங்கள். வெப்பநிலையை ஐந்து டிகிரி கூட்டியும் குறைத்தும், நானோ அளவைக் கால் பங்கு கூட்டியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ரிக்கில் கருவி சிறிது அதிகமாகச் செலுத்திவிட்டால் நேரம் பாதியாகும் ஸ்லரியை நான் கையெழுத்திட்டு அனுப்ப மாட்டேன்.

ஃப்ளூயிட் லாஸ்: நானோ சிலிக்கா மட்டும் இதைக் காப்பாற்றாது. 1,000 பிஎஸ்ஐ வேறுபாட்டில் 30 நிமிடச் சோதனையில் வாயு மண்டலத்துக்கு 50 மில்லிக்குக் கீழே வர வேண்டுமென்றால் பாலிமர் வேண்டும். அந்தப் பாலிமரில் ஒரு பகுதியை நானோவின் பரப்பு விழுங்கும், ஆகவே பழைய அளவு போதாமல் போகலாம்.

ஜெல் வலிமை: வாயு ஏற்றத்தைத் தடுப்பதில் இதுதான் மையம் என்று நினைக்கிறேன். ஸ்லரி நின்றதும் ஜெல்லாகித் தன் எடையைக் குழாயிலும் பாறையிலும் தொங்கவிடும், வாயுவை அழுத்திப் பிடிக்கும் சக்தி குறையும். ஆனால் வாயு ஊடுருவாத அளவுக்கு இன்னும் கெட்டியாகவில்லை. 100 சதுர அடிக்கு 100 பவுண்டிலிருந்து 500 பவுண்டு வரையிலான இந்த இடைக்காலம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. 45 நிமிடத்துக்குள் என்பது பலர் வைக்கும் இலக்கு. நானோ சிலிக்கா உண்மையாகவே உதவும் இடம் இது.

பலம்: அல்ட்ராசோனிக் கருவி ஒலி வேகத்திலிருந்து பலத்தைக் கணிக்கிறது. அந்தக் கணிப்புச் சூத்திரம் வழக்கமான சிமெண்டுகளை உடைத்துப் பெற்றது. நானோ கலந்ததற்கு அது அப்படியே பொருந்தும் என்று நம்பாதீர்கள். இரண்டு அங்குலக் கனசதுரங்கள் குறைந்தது மூன்றையாவது உடைத்து ஒத்துப்பாருங்கள். ஆழ்கடல் மேல்பகுதி என்றால் ஏபிஐ 10பி-3இல் சொன்னபடி குளிர்வித்த நிலையில் சோதியுங்கள். 38 டிகிரியில் எடுத்த பலம் அங்கே பொருளற்றது.

இன்னொன்று, அமுக்கு பலம் கூடக் கூட நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கேசிங்கில் அழுத்தம் ஏறி இறங்கும்போது விறைப்பான சிமெண்ட் விரிசல் விடும். இழுவிசை பலமும் யங் மாடுலஸும் (விறைப்பின் அளவு) சேர்ந்துதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கரியமில வாயு சேமிக்கும் கிணறுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நானோ சிலிக்கா கால்சியம் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடுகிறது. நுண்துளை குறைவது லாபம்தான், ஆனால் அமிலத்தை எதிர்த்துக் கார்பனேட் அடுக்காக மாறும் அந்தச் சுண்ணாம்பு இருப்பும் குறைகிறது. அங்கே நீண்டகாலச் சோதனை இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம்.

மற்ற நானோ பொருள்கள்

கார்பன் நானோகுழாயும் கிராஃபீன் ஆக்சைடும் விரிசலைப் பிடித்து நிறுத்தும் நோக்கத்தில் ஆராயப்படுகின்றன. முன்னது நீரை வெறுப்பது. பின்னது நீரில் நன்றாகக் கலையும், ஆனால் கால்சியத்தைக் கண்டதும் சுருண்டு திரளும். நானோ மெக்னீசியம் ஆக்சைடு விரிவைத் தரும், நானோ களிமண் துகள் படிவதைத் தடுக்கும், நானோ அலுமினா தொடக்க வேகத்தைக் கூட்டும். கையில் அனுபவம் இல்லாதவர் கூழ்ம சிலிக்காவில் தொடங்குவதே நல்லது.

படி 8: மூச்சுக்குழாயைக் காத்துக்கொள்ளுங்கள்

சிலிக்கா மாவு படிக வடிவம், அதன் தூசி சிலிக்கோசிஸ் தரும். கூழ்ம சிலிக்கா படிகமற்றது, திரவத்தில் இருக்கும்வரை தூசி பறக்காது. ஆனால் சிந்திக் காய்ந்தால் பறக்கும். ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். கார்பன் நானோகுழாய்களில் ஒரு வகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2பி பிரிவில் வைத்தது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் (NIOSH) காற்றில் கனமீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற பரிந்துரை வரம்பைத் தந்திருக்கிறது. உறிஞ்சுபெட்டி இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பொடியைத் திறக்கவே கூடாது.

படி 9: ரிக்குக்குப் போகும்போது

50 டன் சிமெண்டுக்கு ஒரு சதவீதம் என்றால் 500 கிலோ திண்மம், 40 சதவீதத் திரவமாக 1,250 கிலோ, கன அளவில் சுமார் 970 லிட்டர். அதிலுள்ள நீர் 750 கிலோ. எனவே 22,000 லிட்டர் கலக்கும் நீரில் 750 லிட்டரைக் குறைத்து 21,250 என்று வேலைத்தாளில் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொல்லி விடாதீர்கள். இரவு இரண்டு மணிக்குத் தொட்டி நிரப்புகிறவர் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

திரவத்தைச் செலுத்தும் குழாய்களில் முன்பு கால்சியம் குளோரைடு ஓடியிருந்தால் நன்னீரில் கழுவச் சொல்லுங்கள். வேலைக்கு முன் ரிக்கிலுள்ள சிமெண்ட், நீர், டிரம் மூன்றிலிருந்தும் மாதிரி வரவழைத்துத் திக்கனிங் டைமை மறுபடி ஓட்டுங்கள். சிமெண்ட் தொகுதி மாறினால் முடிவு மாறும். நானோ சேர்ந்த ஸ்லரியில் அந்த மாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஸ்பேசருடனும் (சிமெண்டுக்கு முன்னால் அனுப்பும் பிரிப்புத் திரவம்) துளையிடும் சேற்றுடனும் ஒத்துப்போகிறதா என்ற சோதனையையும் நானோ சேர்த்த ஸ்லரியிலேயே செய்யுங்கள், பழைய அறிக்கையைப் பார்த்து நகலெடுக்க வேண்டாம்.

பம்ப் செய்யும்போது எடுத்த ஈர மாதிரிகளைக் கிணற்று வெப்பநிலையில் வைத்து இறுகவிடுங்கள். டிரம்மில் மீந்த ஒரு லிட்டரையும் மூடி வையுங்கள். சிமெண்ட் பாண்ட் லாக் (சிமெண்ட் குழாயோடு ஒட்டியிருக்கிறதா என்று ஒலியால் அளந்த பதிவு) வந்ததும் ஆய்வக வளைவுகள், வேலைத்தாள், அடர்த்திப் பதிவு, லாக் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் சேருங்கள். அடுத்த கிணற்றுக்கு 1 சதவீதமா, 0.7 போதுமா என்பதை அந்தக் கோப்பைத் திறந்துதான் முடிவு செய்ய முடியும்.